தாமுவே வீட்டு முனியின் கைத்துப்பாக்கி

மீனாவுக்கும் செந்திலுக்கும் அப்பா எழுதுவது.

பழைய கைத்துப்பாக்கி வந்தால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். கடை இப்போது உங்கள் இரண்டு பேர் கையில் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் பபேடான் கடைப் படியேறி வருவதே குறைந்துவிட்டது. அதனால் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் ஏழாவது வரைக்கும் பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ், கோயில் வகுப்பில் படித்தது. புத்தகம் மாதிரி எழுத வராது. உங்களுக்கு பர்மிய மொழிதான் வாயில் சுலபமாக வரும் என்றும் தெரியும். இருந்தாலும் இந்த விஷயம் எனக்குள் தமிழில்தான் கிடக்கிறது, அப்படித்தான் வெளியே வரும். மீனா சத்தமாக வாசிக்கட்டும். செந்தில் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

முதலில் ஒன்று. நம் கடையில் துப்பாக்கி விற்பது கிடையாது, இனியும் கூடாது. பழைய கடிகாரம், கப்பல் விளக்கு, தட்டச்சு மிஷின், பித்தளைச் சாமான், அதுதான் நம் வியாபாரம். ஆனால் யாராவது வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். இந்தக் காலத்தில் எவரும் அதைத் தெருவில் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும். போகிற இடத்தில் உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நாலு பேருக்கும் அவசரம் இருக்கும். அந்த அவசரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முத்திரை பற்றி நிறைய எழுத மாட்டேன், அது புத்தகத்தில் இருக்கிறது. இவ்வளவு போதும். அந்தக் காலத்துப் பட்டாளம் தனக்கு வேண்டிய எல்லாத் துப்பாக்கியையும் தானே செய்துகொள்ளவில்லை. குழலை ஒரு பட்டறையில், விசைப்பூட்டை இன்னொரு பட்டறையில், மரக்கட்டையை வேறு ஒருத்தரிடம் என்று ஒப்பந்தம் கொடுத்து வாங்கியது. வந்த துண்டு ஒவ்வொன்றையும் பட்டாளத்து ஆள் பார்த்து, சரியென்றால் ஒரு சின்ன முத்திரை குத்துவான். அப்படிச் சேர்ந்தவைதான் ஒப்பந்தக் கைத்துப்பாக்கி. சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. வெள்ளிப் பூ, கொடி வேலைப்பாடு எல்லாம் அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கியதில் இருக்கும். ஒப்பந்தத் துப்பாக்கி சாதாரணச் சிப்பாய்க்கு. முரட்டுக் கட்டை, கனமான பித்தளை, குதிரைமேல் போகிறவன் தவறவிடாமல் இருக்கக் குழலோடு கோத்துவிட்ட, வெடிமருந்து திணிக்கும் கோல். மொட்டையாக ஒன்றைப் பார்த்தால் அசட்டை செய்யாதீர்கள்.

அடுத்தது, கடை உத்தரத்தில் இருக்கும் ஓட்டை. அதை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். கரையான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் நம் பழைய முதலாளி. கரையான் அவ்வளவு வட்டமாகத் தின்னுமா? எனக்கு முந்தி நடந்தது அது, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். யாரோ ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியை, கிழட்டுச் சாமான் தானே என்று இன்னொருவர் வாங்கி விசையை இழுத்துப் பார்த்திருக்கிறார். கறுப்பு வெடிமருந்து கிழடாவது கிடையாது. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் விழித்துக்கொள்ளும். குண்டு உத்தரத்தில் போனது, அவருக்கு நல்ல காலம். முதலாளி இதைப் பற்றி ஒரு வார்த்தை எனக்குச் சொன்னதில்லை. ஆனால் யாராவது பழைய ஆயுதம் என்று பேச்செடுத்தால், அவர் தலை ஒருதரம் தன்னால் மேலே நிமிரும். அந்தப் பார்வையிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். அந்த ஓட்டையை அவர் கடைசிவரை அடைக்கவில்லை. நீங்களும் அடைக்க வேண்டாம்.

இனி தாமுவே விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

தனம் அக்காவை உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்து பர்மியர்கள் டோ தானா என்று கூப்பிடுவார்களே, தாமுவே மார்க்கெட்டில் வெற்றிலை, பூ விற்பவர், அவரேதான். அவர் வீட்டுக்காரரின் பாட்டனார் துறைமுகத்துக் கிடங்கில் காவல்காரர். பட்டாளம் கழித்துப்போட்ட கைத்துப்பாக்கி ஒன்றை அந்தக் காலத்தில் காவல்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் போன பிறகு அது வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர்களுக்கு முனீஸ்வரன் வழிபாடு. முனிக்கு அரிவாள் வைப்பார்கள் இல்லையா, இவர்கள் இந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டார்கள். மாடி வீட்டில் சுவரோடு அடித்த பூஜைத் தட்டில், முனியின் சூலத்துக்குப் பக்கத்தில், சிவப்புத் துணிமேல் அது கிடந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எடுத்துப் பித்தளையைப் புளி போட்டு விளக்கி, கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டித் திரும்ப வைப்பார்கள்.

அவர் மகன் சோமுதான் என்னைத் தேடி வந்தான். போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன். யாக்குவெ என்கிற வார்டு ஆபீசிலிருந்து வீடு வீடாக ஆள் கணக்குப் பார்க்க வருகிற சமயம். வீட்டில் துப்பாக்கி என்று ஒன்று கண்ணில் பட்டால், அது எத்தனை பழசு என்று நின்று கேட்க யாருக்குப் பொறுமை?

"மாமா, இன்னிக்கு அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா சாயந்திரம் கைலியில சுத்திக் கொண்டுபோய்ப் பசுந்தாங் ஓடையில போட்டுட்டு வந்துடுவேன். அம்மாவுக்குத் தெரியாம."

"நடந்தா போவே?"

"பின்னே, அதுக்கு பஸ்ஸா பிடிக்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது. பயந்த பையன் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு தாமுவேயிலிருந்து ஓடைவரை போவதை நினைத்துப் பாருங்கள். ஒரு தெருமுனையில் சோதனைக்கு நிற்கிறவன் நிறுத்திக் கைலியைத் தட்டினால் போதும். எனக்குத் துப்பாக்கி மறந்துபோனது. இவன் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கக்கூடாது, அதுதான் அன்றைக்கு என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரே வழிதான் இருந்தது. லத்தாவில் ஒரு பல் டாக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பர்மியர். அவரோடு பேச்சு பர்மிய மொழியில்தான், நான் அவரை மரியாதையாகச் சயா என்பேன், அவர் என்னைக் கோ மணி என்பார். பழைய ஆயுதம் வைத்திருக்க அவரிடம் அனுமதிக் கடிதம் உண்டு. முத்திரை விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் அலமாரிப் புத்தகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. சிக்கிமுக்கிக் கல் வைத்த குதிரைப்படைக் கைத்துப்பாக்கி, ஒப்பந்தத்தில் செய்தது ஒன்றை, அவர் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். போனில் சொன்னதும், "கோ மணி, நீங்க அங்கேயே இருங்க" என்றார். அன்று மத்தியானமே காரில் வந்துவிட்டார். தனம் அக்கா வீட்டு மாடிப்படி செங்குத்தானது. ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவர், பூஜைத் தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

கரண்ட் இல்லாத நேரம். ஜன்னலோரத்தில் பாயை விரித்துத் தனம் அக்கா அதைக் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பூ இல்லை, வெள்ளி இல்லை. பாருங்க, கோலைக் கோத்திருக்கான். பிடியில பித்தளை மூடி எவ்வளவு கனம்! கோ மணி, இது அதேதான். பூட்டுல சிங்கம் மட்டும் இருந்துட்டா..."

பட்டாளத்து முத்திரையான அந்தச் சிங்கம் இருக்க வேண்டிய இடம் விசைப்பூட்டின் தகடு. ஆனால் தகடே தெரியவில்லை. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்கில் ஏறி ஏறிக் காய்ந்து செங்கல் மாதிரி ஆகியிருந்தது. சிக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கியில், கல் உரசித் தெறிக்கிற பொறி விழ ஒரு சின்னக் கிண்ணி உண்டு, குழலுக்குப் பக்கத்தில். அந்தக் கிண்ணியிலிருந்து குழலுக்குள் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். அந்த வழியாகத்தான் நெருப்பு உள்ளே போகும். அந்த வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கிண்ணி சந்தனம் வைக்கத்தான் செய்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். வேறு எதற்கு அவ்வளவு அழகாக ஒரு குழி? அதை நிரப்பி, மேலே குங்குமம் வைத்து, வழிந்ததைத் தகட்டின்மேல் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பல் குடைகிற ஊசி ஒன்றை எடுத்தார். அவர் முத்திரைகளைச் சுத்தம் செய்வது அதை வைத்துத்தான், கை நடுங்காது. ஊசி முனை கிண்ணியில் படுகிற நேரம்.

"சயா, கையை எடுங்க!"

நான் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. டாக்டரை யாரும் அந்த மாதிரி அதட்டக்கூடாது, எனக்குத் தெரியும். அவர் கையை எடுத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். சோமு வாசல் பக்கம் ஓர் எட்டு பின்னால் போனான்.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"இன்னும் வயித்தைப் பாக்கல."

தனம் அக்காவிடம் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவித் தரச் சொன்னேன். அதோடு பிறந்த கோல் துருவேறி அசையவில்லை. இரும்புக் கம்பியை நான் உள்ளே விடுவது கிடையாது.

"துப்பாக்கிக்கு விளக்குமாறா மாமா?" என்றான் சோமு.

"முனி கோவிச்சுக்கப் போறாருடா. புதுசா ஒண்ணு இருக்கு, அதுல உருவித் தர்றேன்" என்று உள்ளே போனார் தனம் அக்கா.

துப்பாக்கியின் வாய் ஜன்னல் சுவரைப் பார்த்திருக்கும்படி பாயில் கிடத்திவிட்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து ஈர்க்குச்சியை மெதுவாக உள்ளே விட்டேன். அது நின்ற இடத்தில், வாய் ஓரத்தில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தேன். அதைக் குழலின் மேற்புறமாக வைத்துப் பார்த்தால், குச்சி நுனி அந்தக் கிண்ணி இருக்கும் இடம்வரைக்கும் வர வேண்டும். வந்தால் குழலின் வயிறு காலி என்று அர்த்தம். வரவில்லை. கட்டைவிரல் நீளத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

இன்னொரு குச்சி வாங்கித் திரும்பப் பார்த்தேன். அங்கேயேதான் நின்றது. அடியில் தட்டினால் இரும்பில் தட்டின மாதிரி இல்லை.

"மருந்து இருக்கு. மருந்தும் குண்டும் போட்டது போட்டபடி இருக்கு."

தனம் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்தக் கலவரத்துக்குப் பயந்து கிடங்குக் காவல்காரர் போட்டு வைத்தாரோ. சுடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவர் போன பிறகு யாருக்கும் தெரியவும் இல்லை.

"சூடத்தை அது மூஞ்சிக்கு நேரா சுத்திச் சுத்திக் காட்டினேனே அண்ணே, எத்தனை வருஷம்! சோமு குழந்தையா இருக்கறப்போ அதுக்கு முன்னாடி படுக்க வச்சுல்ல விபூதி பூசுவேன்..."

டாக்டர் தன் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு கிண்ணியில் அடைத்திருந்த குங்குமத்தைப் பார்த்தார். அவரே புரிந்துகொண்டார். சூட நெருப்பை அத்தனை வருஷம் உள்ளே விடாமல் நின்றது அதுதான். அதைக் குடையத்தான் போயிருந்தார்.

சோமு பாயை நோக்கி வந்தான். "குடுங்க மாமா. இப்பவே கொண்டுபோய்ப் போட்டுடறேன்."

"தொடாதே."

"இங்கேயே வச்சுக்கிட்டு என்ன பண்றது? அவங்க எப்ப வேணாலும் படியேறுவாங்க!"

டாக்டர் நிதானமாகச் சொன்னார், "தம்பி, நான் எடுத்துட்டுப் போறேன். கார்ல மெதுவாப் போவேன். வீட்டுல வச்சு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுப் பிறகு எடுத்துக்கலாம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் பட்டது. அந்த மாதிரி நிமிஷத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டுகிற இடத்தில் ஒருதரம் நின்று, அடுத்து அந்தச் சாமான் யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"சயா, வழியில நிறுத்துவாங்க. நீங்க கடிதத்தைக் காட்டுவீங்க, சரி. துணியைப் பிரிச்சுப் பாப்பாங்க இல்ல? பாக்கறவன் சின்ன வயசுக்காரனா இருப்பான். இந்த மாதிரி ஒண்ணு அவன் கையில கிடைச்சா, சுத்தியைப் பின்னால இழுத்து விட்டுப் பாக்காம திருப்பிக் குடுப்பானா?"

டாக்டர் ஊசியைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார், நான் மேலே சொன்னேன்.

"தண்ணியில போடணும். இங்கேயே, இப்பவே. முழுசா முங்கணும். மருந்து ஊறிச் சேறானாத்தான் படியிறங்கலாம்."

அவர் முகம் மாறியது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, நீங்களும் கோபப்படாதீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "கோ மணி, குழல் உள்ளே துரு ஏறிடும். கட்டை உப்பும். இத்தனை வருஷத்து எண்ணெய் வெளுத்துப்போகும். முத்திரையை நான் இன்னும் பாக்கவே இல்ல. பாக்கணும்னா சுரண்டணும், சுரண்டக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க. முதல்ல தண்ணியில போட்டுட்டு, அப்புறம் பாத்தா சிங்கம் இல்லேன்னா? ஏதோ பஜார்ல செஞ்ச போலியை ஊறப்போட்டு வீட்டுக்குக் கொண்டு போகணுமா நான்? எனக்கு வேணாம்."

அவருக்கு வேண்டாம் என்றால் அது இந்த வீட்டிலேயே கிடக்கும். இந்த வீட்டில் கிடந்தால் சாயந்திரம் சோமு கைலியைச் சுற்றுவான். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது.

"உங்க வாய் பாக்கற கண்ணாடியைக் குடுங்க சயா" என்றேன்.

பல் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியும் அவர் பையில் இருந்தது. பித்தளையில் இருந்த முத்திரையெல்லாம் புளியில் தேய்ந்துபோயிருந்தது. தேய்த்த கை நல்ல உழைப்பாளிக் கை, பிடி மூடி முகம் பார்க்கிற மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. ஆனால் விளக்குகிற கட்டைவிரல் எங்கே எட்டாது? விசையைச் சுற்றி இருக்கும் பித்தளை வளையத்தின் உட்புறம். துப்பாக்கியை அசைக்காமல், கண்ணாடியை வளையத்துக்குள் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். களிம்பு பச்சையாகப் படிந்த ஒரு மூலையில், கடுகு அளவில், ஒரு கிரீடமும் அதன் கீழே ஒரு எண்ணும். வாங்கும்போது பார்த்துக் குத்துகிற பட்டாளத்து ஆளின் முத்திரை. டாக்டரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வளையம் நல்லது. ஆனா வளையம் மட்டும் நல்லதா இருக்கலாம். பழைய வளையத்தைப் புதுக் கட்டையில மாட்டியிருக்கலாம். அந்த மாதிரி எத்தனை பாத்திருக்கோம் நாம?"

"பாத்திருக்கோம்."

"அப்போ சிங்கம் இருக்கும்னு சொல்றீங்களா?"

இதுதான் இடம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நடந்துவிடும். பையன் தப்பிப்பான், அக்காவுக்கு நிம்மதி. சொல்லலாமா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்றைக்குப் பொய்யாக ஒன்று சொன்னால் அடுத்த தடவை, "அதில் மருந்து இருக்கு, தொடாதீங்க" என்று நான் சொல்லும்போது அவர் கையை எடுப்பாரா? எடுக்க மாட்டார். நம் வாய்ச்சொல்லுக்கு இருக்கிற ஒரே உபயோகம் அதுதான்.

"சிங்கம் இருக்கும்னு சொல்ல மாட்டேன். நான் அதைப் பாக்கல. கோல், மூடி, வளையம், கட்டை நாலும் ஒண்ணாப் பொறந்தது, ஒப்பந்தத்துல செஞ்சது, அதை என் பேர் வச்சுச் சொல்றேன். பூட்டு எப்படின்னு தெரியாது. உங்களுக்கு வேணாம்னா நீங்க போகலாம் சயா, எனக்கு வருத்தம் இல்ல. ஆனா நீங்க போனாலும் நான் இதைத் தண்ணியில போட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்."

கீழே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

பேசியது தனம் அக்காதான். "அண்ணே, தண்ணி ஊத்தணுமா, முழுக்க நனையணுமா?"

"முழுக்க."

"அதுக்கு ஏன் ஆளாளுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? முனிக்கு அபிஷேகம் பண்ணி வருஷமாச்சு."

எழுந்துபோய் மாவு கரைக்கிற பிளாஸ்டிக் பேசினைப் பார்த்தார், வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பித்தளை அண்டாவை இறக்கினார். சோமு குழாயில் தண்ணீர் பிடித்தான். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. "என்ன செய்யறாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன், "பகோடா கோயில்ல நீங்க பொறந்த கிழமைக்குன்னு இருக்கற மூலையில நின்னு புத்தருக்குத் தண்ணி ஊத்துவீங்க இல்ல? அதேதான் சயா."

அவர் அண்டாவைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மண்டியிட்டார். "நான் பிடிச்சுக்கறேன்" என்றார். "என் கை நடுங்காது."

வாய் ஜன்னல் சுவர்ப் பக்கம் இருக்கும்படியே அவர் அதை ஏந்தி அண்டாவில் இறக்கினார். தனம் அக்கா சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினார். குழல் வாயிலிருந்து குமிழி வந்தது. முங்கினதும் நாங்கள் யாரும் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கிண்ணியில் இருந்த குங்குமம் இளகி, தண்ணீர் மெதுவாகச் சிவந்தது. அப்புறம் அந்த ஊசித் துவாரத்திலிருந்து கரிநூல் மாதிரி ஒன்று நெளிந்து வெளியே வந்தது. மருந்து ஊற ஆரம்பித்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் நான் கையை எடுத்தேன்.

தண்ணீருக்குள்ளேயே டாக்டர் கட்டைவிரலால் தகட்டைத் தடவினார். சந்தனம் தோல் மாதிரி உரிந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். சிங்கம் முழுசாக இல்லை. துரு தின்றது போக ஒரு பின்னங்காலும் வாலும்தான் மிச்சம்.

"போதும்" என்றார் டாக்டர்.

மருந்து நன்றாக ஊறும்வரை காத்திருந்து, அண்டாவைத் துணியால் மூடி, மூன்று பேராகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினோம். எதிரே வந்த பக்கத்து வீட்டு அம்மாள் கோயில் தீர்த்தம் என்று நினைத்துக் கும்பிட்டு ஒதுங்கினார். காரில் பின்சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். வழியில் நிறுத்தினார்கள். டாக்டர் கடிதத்தைக் கொடுத்தார். வந்தவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. துணியை விலக்கினான். உள்ளே சிவப்பாகத் தண்ணீர், அடியில் ஏதோ கறுப்பாக. கையை விடப் போனவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு எடுத்துவிட்டான். "போங்க" என்றான்.

டாக்டர் அதை வெகுநாள் ஊறவிட்டு, தெரிந்த ஆளைக் கொண்டு வயிற்றைக் காலி பண்ணினார். கட்டை கொஞ்சம் வெளுத்துத்தான் போயிற்று. அவர் அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. உள்ளே இருந்து வந்த ஈயக் குண்டு நெல்லிக்காய் பருமன். அதைப் பஞ்சில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினார், "இது அந்த அம்மாவோடது" என்று.

போன ஆயுத பூஜைக்குத் தனம் அக்கா கூப்பிட்டார், போனேன். பூஜைத் தட்டில் துப்பாக்கி இருந்த இடத்தில் அந்தக் குண்டு. யாராவது பார்த்தால் மீன்வலை ஈயம் என்றுதான் சொல்வார்கள். சோமுதான் சந்தனம் வைத்தான். உருண்டுபோகாமல் இருக்க அரிசியில் குழி பண்ணி அதில் உட்கார வைத்தான். சூடத் தட்டைக் கையில் எடுத்தவன், ஏற்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, ஏத்தலாம்ல?"

அவன் கேலிக்குக் கேட்கவில்லை. நானும் ஒருதரம் குனிந்து அந்தக் குண்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றச் சொன்னேன்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கடிகாரச் சாவிகளோடு ஒரு கட்டு ஈர்க்குச்சி இருக்கும். பெருக்குகிறபோது குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் பூதக்கண்ணாடியை மறந்தாலும் பரவாயில்லை, அதில் இரண்டை எடுத்துக்கொண்டு போங்கள். எவ்வளவு பெரிய மனுஷர் பக்கத்தில் நின்றாலும், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முதலில் அதை உள்ளே விட்டுப் பாருங்கள். சிங்கம் இருக்கா, புலி இருக்கா என்பதெல்லாம் அப்புறம்.